மிஷ்மிஷ் அனுப்பிய எழுத்துகள்

— இல்ல வஜீஹ். அவங்க முகத்தைப் பார்க்காம நான் சரின்னு சொல்ல மாட்டேன். அந்தப் பதிவை வெளியில விடாத.

— முகத்தைப் பார்த்து என்ன பண்ணப் போற ரீஹாம்? நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டா வருவா? சுருக்கமா சொல்றேன் கேளு.

— நீ சுருக்கமா சொல்றேன்னு ஆரம்பிச்சா இந்தப் புயலே ஓஞ்சுரும்.

— ஓயட்டும். அலை ரோட்டைத் தாண்டி இந்தக் கடை வாசலுக்கே வருது, நீ வேற கதவுப் பக்கமா உக்காந்திருக்க. விஷயத்துக்கு வரேன். அச்சகத்துக்காரன் என்ன கேட்டான்? "உங்க ஸாகியா அரபு ஃபாண்ட் அப்படியே அந்த லூலி ஃபாண்ட் மாதிரி இருக்கே, கெய்ரோ கம்பெனிக்குக் காசு கட்டித்தானே வாங்குனீங்க"ன்னு கேட்டான். நான் சிரிச்சேன். சிரிச்சுட்டு வீட்டுக்குப் போயி, ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க சின்னதா ஒரு புரோகிராம் எழுதினேன். அதுக்கப்புறம் சிரிப்பு வரல.

— முப்பது எழுத்து.

— முப்பது எழுத்து. வளைவு எங்க ஆரம்பிக்குது, எங்க திரும்புது, எங்க முடியுது, அத்தனை புள்ளியும் லூலியில இருக்குற அதே இடம். கையால வரைஞ்சா ரெண்டு பேருக்கு அப்படி அமையவே அமையாது. உனக்கே தெரியும்.

— தெரியும்.

— அந்த முப்பதுலயும் கடைசியா கை வச்ச ஆளு யாருன்னு ஃபைலோட திருத்த ஹிஸ்டரியில பார்த்தேன். ஒவ்வொண்ணுலயும் ஒரே பேரு. மிஷ்மிஷ். சொந்தப் பேரைச் சொல்லாம, பாதாமி பழத்தோட பேரை வச்சுக்கிட்டு ரெண்டு வருஷமா நம்ம கூடப் பழகுறா. நாம ஏழு வருஷமா ஒரு குருஷ் காசு வாங்காம செஞ்ச ஃபாண்ட் இது. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், யார் வேணும்னாலும் திருத்தி அனுப்பலாம்னு நீதான் திறந்து போட்ட. கதவைத் திறந்து வச்சா காத்து மட்டுமா வரும்?

— அவங்க அனுப்பின ஒவ்வொரு எழுத்தையும் நான் உக்காந்து பார்த்துத்தான் சேர்த்தேன் வஜீஹ்.

— அழகா இருக்கான்னு பார்த்த. யாருதுன்னு பார்த்தியா?

— இல்ல.

— இன்னொண்ணு கேளு. நம்மகிட்ட ஏற்கெனவே இருந்த எழுத்தையே அவ ஏன் திரும்பத் திரும்ப மாத்தி அனுப்புறா? நூன் எழுத்தோட வயிறு நல்லாத்தான் இருந்துச்சு, அதை மாத்துனா. ஐனோட வாயி நல்லாத்தான் இருந்துச்சு, அதையும் மாத்துனா. எதுக்கு? அவ கைபட்ட எழுத்தா உள்ள நிரப்பி வச்சுட்டு, ஒரு நாள் அந்தக் கம்பெனி வக்கீலைக் கூட்டிக்கிட்டு வந்து "இது எங்க சொத்து"ன்னு நிக்கப் போறா. அவ கம்பெனி ஆளு ரீஹாம். பந்தயம் கட்டுறேன்.

— பந்தயம் ஹராம்.

— சரி, பந்தயம் இல்ல. டீ வாங்கித் தரேன்.

— ஞாயித்துக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகுது. தெற்கே ஸயீத் கிராமங்கள்ல, பேரன் பேத்தி எடுத்த பொம்பளைங்க முதல் தடவையா எழுத்துக் கூட்டிப் படிக்கப்போற புத்தகம். அவங்க கண்ணு படுற முதல் எழுத்து திருட்டு எழுத்தா இருந்தா, நாளைக்கு அல்லாஹ் முன்னால நான் என்னன்னு சொல்லுவேன்? அதை மட்டும்தான் நான் யோசிக்கிறேன்.

— நானும் அதைத்தான் சொல்றேன். பதிவு தயாரா இருக்கு. "மிஷ்மிஷ் என்பவர் எங்களை ஏமாற்றித் திருட்டு எழுத்துகளைச் சேர்த்துவிட்டார், அவரை நீக்கிவிட்டோம்"னு உலகத்துக்கே சொல்லிடலாம். அவங்க நம்மளப் பிடிக்கிறதுக்கு முன்னால நாம அவளைக் காட்டிக் குடுத்தா, நம்ம பேராவது மிஞ்சும்.

— ஒரு மனுஷியோட பேரை அவ்வளவு சுலபமா நடுத்தெருவுல போட முடியுமா? போட்டுட்டுத் திரும்ப எடுக்க முடியுமா? அதுக்குத்தான் நேர்ல வரச் சொன்னேன். வரேன்னு சொன்னாங்க. திருடுனவ கெய்ரோவுல இருந்து இந்த மழையில ரயிலேறி வருவாளா?

— வரமாட்டான்னுதான் சொல்றேன். பாரு, சொன்ன நேரம் தாண்டிருச்சு. உனக்குச் சூடா ஒரு ஸஹ்லப் பால் சொல்லவா? முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு.

— வேண்டாம். கதவுகிட்ட பாரு.

— எங்க?

— குடை மடங்கிப்போய் ஒரு அம்மா நிக்கிறாங்க பாரு. கையில பை.

— இவளா? நான் ஏதோ காலேஜ் பொண்ணுன்னு நெனச்சேன். இது எங்க சித்தி வயசு இருக்கும்.

— எழுந்திரி. பெரியவங்க வராங்க.

— இங்க ரீஹாம்ங்கிறது யாரும்மா? நீதானா? உக்காரு மகளே, உக்காரு. சீதி காபர் ஸ்டேஷன்ல ரயில் நின்னுது, நகரவே மாட்டேன்னுருச்சு. இந்தக் கடல் இருக்கே, மனுஷங்க மேல என்ன கோவமோ. என் பேரு ஈரீனி. மிஷ்மிஷ்னா உங்களுக்குத் தெரியும்.

— வாங்க மதாம் ஈரீனி. இது வஜீஹ். எழுத்தெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேருற வேலையைச் செய்யிற புரோகிராம் இவன் எழுதுனதுதான்.

— தெரியாம இருக்குமா? "சுருக்கமா சொல்றேன்"னு ஆரம்பிச்சு மூணு பக்கம் எழுதுற தம்பி. ஒரு வரி விடாமப் படிச்சிருக்கேன்.

— எல்லாத்தையும் படிச்சிருக்கீங்க.

— படிப்பேன் தம்பி. எனக்கு வேற என்ன பொழுதுபோக்கு?

— குளிருக்கு ஒரு ஸஹ்லப் சாப்பிடுங்க மதாம். இந்தக் கடையில பாலைச் சுண்டக் காய்ச்சிப் போடுவான்.

— வேண்டாம் தம்பி. வெறும் டீ போதும்.

— அப்ப ஈரல் சாண்ட்விச் சொல்றேன். இஸ்கந்தரியாவுக்கு வந்துட்டு ஈரல் சாப்பிடாமப் போனா ஊரே கோவிச்சுக்கும்.

— அதுவும் வேண்டாம். கோவிச்சுக்காத.

— பாலும் வேண்டாம், கறியும் வேண்டாம். எங்க கூட உக்காந்து ஒரு வாய் சாப்பிடக்கூட உங்களுக்கு மனசு வரல போல.

— வஜீஹ், போதும்.

— நான் முதல்ல இந்த ஈரக் கோட்டை எங்கயாவது மாட்டிட்டு, கையைக் கழுவிட்டு வரேன் மகளே. இந்தப் பை இங்க இருக்கட்டும். திறந்துக்குங்க, ஆரஞ்சுதான். ஷுப்ராவுல எங்க தெருமுனையில விக்கிறது, நல்லா இனிப்பா இருக்கும்.

— பார்த்தியா ரீஹாம்? நம்ம கையால எதையும் வாங்கமாட்டேங்குறா. ஆனா அவ கொண்டு வந்ததை மட்டும் நாம திங்கணும். ஒருத்தரோட சேர்ந்து ரொட்டி சாப்பிட்டுட்டா அவருக்குத் துரோகம் பண்ண மனசு வராது. அதான் தொடமாட்டேங்குறா.

— உனக்கு மூளை இருக்கா? பேரு ஈரீனி. ஊரு ஷுப்ரா. கிறிஸ்துமஸ் பண்டிகை வருது, கிறிஸ்தவங்க எல்லாம் இப்ப நோன்புல இருக்காங்க. பாலும் கறியும் எப்படித் தொடுவாங்க? போன ரமளான்ல பகல்ல உன் முன்னால யாராவது தண்ணி குடிச்சாலே மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்ட.

— அட. அது தோணல.

— எனக்குத் தோணிருக்கணும். வெட்கமா இருக்கு. எண்ணெய் ஊத்தின பீன்ஸ் கொண்டுவரச் சொல்லு, நெய் கலக்காம.

— சொல்றேன். ஆனா நோன்பு பிடிக்கிறவ திருட மாட்டான்னு மட்டும் சொல்லாத. நானும் நோன்பு பிடிக்கிறவன்தான், டிராம்ல டிக்கெட் எடுக்காமப் போயிருக்கேன்.

— மெதுவாப் பேசு. வந்துட்டாங்க.

— என்னம்மா, ரெண்டு பேரும் ஒரு பழம்கூட எடுக்கலயா? சரி. நீ எழுதி இருந்தப்பவே எனக்குப் புரிஞ்சுது ரீஹாம். "நேர்ல வாங்க, ஒண்ணு கேக்கணும்"னு ஒரே வரி. நீ எப்பவும் அப்படி எழுதுறவ இல்ல. சலாம் சொல்லுவ, உடம்பு எப்படி இருக்குன்னு கேப்ப, அப்புறம்தான் எழுத்தைப் பத்திப் பேசுவ. கேளு. எதுக்குக் கூப்பிட்ட?

— எனக்குக் கேக்க நாக்கு வரல மதாம்.

— நான் கேக்குறேன். சுருக்கமாவே கேக்குறேன். நீங்க எங்க வேலை பார்க்குறீங்க?

— வஜீஹ்...

— விடு மகளே, கேக்கட்டும். கெய்ரோவுல, ஃபாண்ட் கம்பெனியில.

— எந்த ஃபாண்ட்?

— நிறைய இருக்கு தம்பி. உனக்கு வேண்டியது லூலிதானே? அதை வரைஞ்சது நான்தான்.

— ரீஹாம், கேட்டுக்கிட்டியா? கேட்டுக்கிட்டல்ல?

— அல்லாஹ்வே.

— நான் பந்தயம் கட்டுனப்ப ஹராம்ன. இப்பப் பாரு, அவங்களே ஒத்துக்கிட்டாங்க. மதாம், கம்பெனிச் சம்பளத்துக்கு வரைஞ்ச எழுத்து கம்பெனியோடது. அதை அப்படியே எடுத்துக்கிட்டு வந்து, உங்க சொந்தச் சாமான் மாதிரி எங்ககிட்ட குடுத்திருக்கீங்க. முப்பது எழுத்து. இதோ, இந்த ஸ்கிரீன்ல பாருங்க. சிவப்பா இருக்குறதெல்லாம் லூலி கூட அச்சா ஒத்துப் போகுது.

— முப்பதா? ம். என் கணக்கும் அதுதான்.

— என்ன கணக்கு?

— கண்ணாடியை எடுத்துக்குறேன் இரு தம்பி. ம். ஸாத் இருக்கு. தா இருக்கு. நடுவுல வர்ற ஹே இருக்கு. சரிதான், நல்ல புரோகிராம். பிழையே இல்ல.

— அக்கா... அக்கான்னு கூப்பிடலாமா? நான் உங்கள அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டு வருஷமா உங்க எழுத்து வந்துச்சுன்னா அன்னிக்குப் பூரா எனக்கு நாள் நல்லா இருக்கும். இவன் என்ன சொன்னாலும் நான் நம்பல. நீங்க இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.

— நான் சொன்னா நீ நம்பிருவ மகளே, அது எனக்குத் தெரியும். ஆனா இந்தத் தம்பி நம்ப மாட்டான். அவன் பார்க்குற மாதிரியே பார்த்துடுவோம். இந்த ஸாத்தை உள்ள சேர்த்தது நான்தான்னு எப்படிக் கண்டுபிடிச்ச தம்பி?

— ஹிஸ்டரியில உங்க பேரு இருக்கு. இதோ, ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்துலயே மிஷ்மிஷ், மிஷ்மிஷ்னு வருது.

— அது எந்தத் திருத்தம்னு திறந்து பார்த்தியா? ஸாத்தை மட்டும் அனுப்புனதா, இல்ல எல்லாத்தையும் ஒண்ணா அனுப்புனதா?

— எல்லாம் ஒரே நாள்ல வந்திருக்கு. "பழைய கோப்புகளைப் புது முறைக்கு மாற்றியது"ன்னு போட்டிருக்கு.

— அதை யாரு செய்யச் சொன்னா?

— நான்தான் அக்கா. பழைய ஃபைலெல்லாம் புது எடிட்டர்ல திறக்கல. யாராவது உக்காந்து மாத்திக் குடுங்கன்னு எழுதி வச்சேன். சலிப்பான வேலை. ஒரு எழுத்தைக்கூட வரைய வேண்டாம், ஒவ்வொரு ஃபைலாத் திறந்து புதுசா எழுதி மூடணும். மாசக்கணக்கா யாருமே வரல. அப்புறம் நீங்க செஞ்சீங்க.

— தம்பி, ஃபைல் முழுக்கப் புதுசா எழுதுனா ஒவ்வொரு வரியிலயும் யாரு பேரு விழும்?

— எழுதுன ஆளு பேரு. கடைசியாத் தொட்டவங்க பேருதான் விழும். ஆனா... இருங்க.

— வஜீஹ்? என்ன தேடுற?

— இரு ரீஹாம். நான் கடைசிப் பேரை மட்டும்தான் பார்த்தேன். அவங்க மாத்துனது ஃபைலோட முறையை. உள்ள இருக்குற வளைவு ஏற்கெனவே அங்க இருந்தது. வீட்டுக்கு வெள்ளையடிச்சவரை வீட்டைக் கட்டுனவர்னு நெனச்சுட்டேன்.

— அப்ப கட்டுனது யாரு? அதுக்கு முந்தின நாளுக்குப் போய்ப் பாரு.

— பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். அக்காவோட திருத்தத்துக்கு முன்னால, ஸாத்...

— சொல்லு.

— ரீஹாம், இதுல என் பேரு இருக்கு.

— என்ன சொல்ற?

— என் பேரு. ஏழு வருஷத்துக்கு முன்னால. கூட ஒரு குறிப்பும் போட்டிருக்கேன். "தற்காலிகம். எழுத்துகள் சேர்கின்றனவா என்று சோதிக்க மட்டும். ரீஹாம் வந்ததும் வரைந்துகொள்வாள்."

— எங்க போயிருந்தேன் நான்?

— உங்க அம்மாவுக்கு ஆபரேஷன் ஆச்சு, நீ தன்தாவுக்குப் போய்ட்ட. நான் இங்க எழுத்து சேருற புரோகிராமை வச்சுக்கிட்டு, சோதிச்சுப் பார்க்க ஒரு எழுத்தும் இல்லாம உக்காந்திருந்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒரு ஃபாண்ட் கிடந்துச்சு. பேரே கிடையாது, "டெஸ்ட்"னு மட்டும் போட்டிருந்துச்சு. அதுல இருந்து எல்லா எழுத்தையும் எடுத்துப் போட்டுட்டேன். அது லூலின்னு வல்லாஹி, சத்தியமா எனக்குத் தெரியாது ரீஹாம். நீ வந்து மேல வரைஞ்சுட்டன்னுதான் இன்னிக்கு வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

— நான் திரும்பி வந்தப்ப நீ என்ன சொன்ன? "எழுத்தெல்லாம் உள்ள இருக்கு, நல்லா வேலை செய்யுது"ன்ன. நான் குடுத்துட்டுப் போன மாதிரியை வச்சு நீ வரைஞ்சுட்டன்னு நெனச்சேன். இவ்வளவு நல்லா வரைவானான்னு ஆச்சரியப்பட்டேன். அங்க இங்க சரி பண்ணினேன், அவ்வளவுதான். உன்கிட்ட கேக்கவே இல்ல.

— நானும் சொல்லவே இல்ல.

— ரெண்டு பேரும் கொஞ்சம் டீயைக் குடிங்க. ஆறிப்போச்சு பாரு. உலகத்துல பாதித் தப்பு இப்படித்தான் நடக்குது. அவரு செஞ்சிருப்பாருன்னு இவரு, இவரு செஞ்சிருப்பாருன்னு அவரு.

— அக்கா, என்ன மன்னிச்சிருங்க. இவன் உங்களப் பத்தி ஊரெல்லாம் சொல்ற மாதிரி ஒரு பதிவு எழுதி வச்சிருக்கான். நான் சரின்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா இந்நேரம்...

— நீ சொல்லல இல்ல. அப்புறம் என்ன.

— ஒரு நிமிஷம். மன்னிப்பு நானும் கேக்குறேன் மதாம், தப்பு என்னுது, அது என் தலைமேலதான். ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு இடிக்குது. ஹிஸ்டரியில எங்க பார்க்கணும்னு நீங்க எங்களுக்கே வழி காட்டுனீங்க. ஸ்கிரீனைப் பார்க்குறதுக்கு முன்னாலயே முப்பதுங்கிறது உங்க கணக்குல இருந்துச்சு. ஏழு வருஷத்துக்கு முந்தின குறிப்பு வரைக்கும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. சும்மா உதவிக்கு வர்ற யாரும் இவ்வளவு ஆழமாத் தோண்ட மாட்டாங்க. ஃபாண்ட் மேல இருக்குற ஆசைக்கு யாரும் இதைச் செய்ய மாட்டாங்க.

— ஆசைக்கு இல்ல தம்பி. சம்பளத்துக்கு.

— என்னது?

— கம்பெனிதான் என்ன அனுப்புச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னால மேனேஜர் கூப்பிட்டார். "இஸ்கந்தரியாவுல ரெண்டு பேரு இலவசமா ஒரு ஃபாண்ட் விட்டிருக்காங்க, லூலியோட சாயல் தெரியுது, உள்ள போயி என்னன்னு பார்த்து எழுதிக் குடுங்க"ன்னார். புள்ளி புள்ளியாப் பார்த்துச் சொல்ற ஆளு அங்க நான் ஒருத்திதான். பார்த்த உடனே தெரிஞ்சுது. என் எழுத்து எனக்குத் தெரியாதா?

— அப்ப எங்களப் பிடிக்கத்தான் வந்தீங்க. மிஷ்மிஷ்ங்கிற பேரே அதுக்குத்தான்.

— அதுக்குத்தான் மகளே. பொய் சொல்லல, உண்மையும் சொல்லல. அது என் பாவம், அதுக்கு நான் தினமும் ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

— ரெண்டு வருஷம். எங்க கூடப் பேசிச் சிரிச்சுக்கிட்டே ரெண்டு வருஷம். ரீஹாம், எந்திரி. நாம பேசுறது ஒவ்வொண்ணும் நாளைக்கு வக்கீல் மேஜையில இருக்கும். என் பேரு, என் குறிப்பு, எல்லாம் இவங்க கையில சிக்கிருச்சு. நானே எடுத்துக் குடுத்துட்டேன்.

— உக்காரு வஜீஹ்.

— இன்னும் என்ன உக்கார்றது? புத்தகம் போச்சு, ஃபாண்ட் போச்சு.

— உக்காருன்னு சொன்னேன். அக்கா, நான் ஒண்ணு மட்டும் கேக்குறேன். பார்த்த உடனே தெரிஞ்சுதுன்னா, அப்பவே ஏன் எழுதிக் குடுக்கல?

— முதல் வாரம் நீங்க எப்படி வேலை செய்யிறீங்கன்னு பார்க்க, வேணும்னே ஒரு லாம் எழுத்தைக் கோணலா வரைஞ்சு அனுப்புனேன். சாக்குக்கு "கை வலி, சரியா வரல"ன்னு எழுதினேன். சாக்குத்தான், ஆனா கை வலி நெசம். முப்பது வருஷமா வரையிற கை. நீ என்ன பதில் எழுதின, ஞாபகம் இருக்கா?

— இல்லையே அக்கா.

— இருக்காது. "எழுத்து எங்கயும் போயிடாது, கையை முதல்ல பாருங்க, கருஞ்சீரக எண்ணெயைச் சூடு பண்ணித் தடவுங்க, என் அம்மா அப்படித்தான் செய்வாங்க"ன்னு எழுதியிருந்த. அதுக்குக் கீழதான் லாமோட கோணலைப் பத்தி எழுதியிருந்த, அதுவும் மனசு நோகாம. முப்பது வருஷத்துல என் எழுத்தைப் பத்தி எத்தனையோ பேரு கேட்டிருக்காங்க மகளே. கையைப் பத்தி யாரும் கேட்டதில்ல. அன்னிக்கு எழுதிக் குடுக்கணும்னு உக்காந்தேன். எழுத வரல.

— எண்ணெய் தடவுனீங்களா?

— இன்னிக்கு வரைக்கும் தடவுறேன்.

— அல்ஹம்துலில்லாஹ்.

— நீங்க ரெண்டு பேரும் எண்ணெயைப் பத்திப் பேசுங்க. மேனேஜர் சும்மாவா இருப்பார்? அவருக்கு என்ன சொல்லிக்கிட்டு இருக்கீங்க?

— கேக்குறப்பெல்லாம் "இன்னும் வேலை முடியல, பார்த்துக்கிட்டு இருக்கேன்"னு சொல்றேன். அது உண்மைதான். ஆனா இனிமே தள்ள முடியாது. ஞாயித்துக்கிழமை காலையில நான் போய் உள்ளது உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாகணும். நான் பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன் தம்பி. அதுல என்னக் கெஞ்சாத.

— கெஞ்ச மாட்டோம் அக்கா. நீங்க உள்ளதையே எழுதுங்க. புத்தகத்தை நான் நிறுத்திடுறேன். அந்தப் பொம்பளைங்க இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கட்டும், இன்ஷா அல்லாஹ் வேற எழுத்துல படிப்பாங்க. உங்க வேலைக்கு எங்களால ஆபத்து வரக்கூடாது.

— நீ எப்பவும் இப்படித்தான் ரீஹாம். உடனே விட்டுக்குடுத்துரு. இன்னொண்ணையும் கேட்டுக்குறேன், மனசுல வச்சுக்கிட்டு இருக்க என்னால முடியாது. ஃபைலெல்லாம் மாத்துனா எல்லா வரியிலயும் உங்க பேரு விழும்னு உங்களுக்குத் தெரியாதா மதாம்? என் பேரு அடியில போயிடும், நாளைக்கு யாரு தேடுனாலும் முதல்ல நீங்கதான் மாட்டுவீங்க. இன்னிக்கு நானே உங்களைத்தானே பிடிச்சேன்.

— தெரியும் தம்பி.

— தெரிஞ்சுமா செஞ்சீங்க?

— வேலை கிடந்துச்சு, யாரும் செய்யல. அப்புறம், தேடி வர்றவன் யாரா இருந்தாலும் முதல்ல என்கிட்ட வரட்டும்னு தோணுச்சு. நான் வயசானவ. நீங்க சின்னப் பிள்ளைங்க.

— எனக்குப் புரியவே இல்ல. இது எனக்குப் பழக்கமில்லாத கணக்கு. இருங்க, இருங்க, கணக்குன்னதும்தான் ஞாபகம் வருது. இது சரியா வரலயே.

— என்ன வஜீஹ்?

— அந்த டெஸ்ட் ஃபைல்ல இருந்து நான் எடுத்தது முப்பது இல்ல ரீஹாம். எல்லா எழுத்தையும் எடுத்தேன். தனியா வர்றது, முதல்ல வர்றது, நடுவுல வர்றது, கடைசியில வர்றது, ஒண்ணு விடல. ஸாகியாவே அப்ப முழுக்க லூலிதான். என் புரோகிராம்ல பிழை இல்லைன்னு இவங்களே சொன்னாங்க. அப்படின்னா ஸ்கிரீன் பூரா சிவப்பா இருக்கணும். ஏன் முப்பது மட்டும் சிவப்பா இருக்கு? மத்ததெல்லாம் எங்க போச்சு?

— மத்ததையெல்லாம் ஒண்ணொண்ணா நான் புதுசா வரைஞ்சு மாத்திட்டேன் தம்பி, பாக்கி இந்த முப்பதுதான். அந்த லேப்டாப்பை இப்படித் திருப்பு, ஆளுக்குப் பத்துன்னு மூணு பேரும் உக்காந்தா ஞாயித்துக்கிழமை "ஸாகியாவுல லூலி எழுத்து ஒண்ணுகூட இல்ல"ன்னு நான் எழுதுறதுல ஒரு பொய்யும் இருக்காது.